மாசிப் பனியும் இமயப் பனியும்

பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழர்களாகிய நாம் எத்தனை பொருள்களைச் சமாளித்து வருகிறோம்! மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி. மலையடிவாரத்தில் புகைபோலப் படர்வதும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனி. அரபு மொழியில் பனித்துளிக்கு ‘நதா’ என்றும், மூடுபனிக்கு ‘ளபாப்’ என்றும், உறைந்த பனிக்கு ‘ஸல்ஜ்’ என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நமக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை. ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று எங்கள் எழுமலையில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மச்சைத் துளைக்கும் அந்தப் பனியிலும் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்று திரும்பிவிடலாம். குடிக்கும் நீரைப் புட்டியிலேயே கல்லாக்கிவிடும் பனியை நாற்பது வயது வரை நான் கண்டதில்லை.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த வாய்ப்பு அமைந்தது. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகனும் அவனுடைய தோழர்கள் இருவரும், உத்தராகண்ட் மாநிலத்தின் கேதார்காந்தா என்னும் மலைக்குப் பனிக்கால நடைப்பயணம் போகத் தீர்மானித்தார்கள். (புகழ்பெற்ற கேதார்நாத் தலம் வேறு, இது வேறு.) அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல இயலாது. எங்களுக்கு மேற்கே, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த துயரம் நடந்து ஓராண்டு கூட நிறைவடையவில்லை. தீக்காயமுற்றவர்களை மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நாட்களில் எங்கள் பகுதியில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர்களும் விடுமுறைக்கு மலையேறச் சென்றவர்கள்தாம்.

பல நாள் கெஞ்சலுக்குப் பின் அக்கா ஒரு நிபந்தனை விதித்தார். “தம்பி, நீ கூடப் போவதானால் அனுப்புகிறேன். போன பிள்ளையை அப்படியே என் கையில் ஒப்படைக்க வேண்டும். அப்படியே என்றால், இருபது விரலையும் எண்ணிப் பார்ப்பேன்.” பனியில் விரல் கருகிப் போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

மருத்துவரிடம் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டோம். இரண்டு மாதம் நாள்தோறும் ஸுப்ஹுக்குப் பின் ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடந்தேன். உசிலம்பட்டிச் சாலையில் எதிர்ப்பட்டவர்கள், “அஜ்ரத்துக்குச் சர்க்கரை வியாதியா?” என்று பரிவோடு விசாரித்தார்கள்.

மதுரையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை சம்பர்க் கிராந்தி விரைவு ரயில், அங்கிருந்து டேராடூன். டேராடூனிலிருந்து முசூரி, நௌகான், புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைச்சாலை. நம் நான்கு வழிச் சாலையில் மூன்றரை மணி நேரத்தில் முடியும் தொலைவு அங்கே பத்து மணி நேரம் பிடித்தது. நைத்வார் என்னும் ஊரில் ரூபின், சூபின் என்னும் இரு ஆறுகள் கூடி டோன்ஸ் என்ற பெயரைப் பெறுகின்றன. யமுனையின் துணையாறுகளில் மிகப் பெரியது இதுவே. யமுனையோடு கலக்கும் இடத்தில் யமுனையை விட இதில்தான் நீர் அதிகம் என்கிறார்கள். தாஜ்மகாலின் பின்புறம் ஓடும் நீரில் இந்த மலைகளின் பனியும் கலந்திருக்கிறது. நைத்வாரில் வனத்துறையின் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று மாலையில் சாங்க்ரி கிராமத்தை அடைந்தோம்.

சாங்க்ரி ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானல் 2,133 மீட்டர். ஆகவே ‘இது என்ன பெரிய உயரம்’ என்றுதான் முதல் நாள் தோன்றியது. மறுநாள் தேவதாரு, ஓக், பைன் மரங்களுக்கிடையே நான்கைந்து மணி நேரம் ஏறி, ஜூடா கா தாலாப் என்னும் குளக்கரையில் கூடாரம் அடித்தபோது கணக்குப் புரிந்தது. அந்த இடம் சுமார் 2,770 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். நம் தெற்கின் உச்சியை முதல் நாள் நடையிலேயே தாண்டிவிட்டோம். அங்கே அது வெறும் முதல் முகாம்! குளம் முழுவதும் உறைந்து கிடந்தது. தோழர்களில் ஒருவன் அதன்மேல் நடந்து பார்க்கப் புறப்பட்டான். எங்கள் வழிகாட்டி, சாங்க்ரியைச் சேர்ந்த இருபத்தைந்து வயது இளைஞர், அவனுடைய தோளைப் பற்றி இழுத்து நிறுத்தினார்.

பனியில் நடப்பது தனிக் கல்வி. புதிய பனி மாவு போல இருக்கும். முழங்கால் வரை கால் புதையும். பலர் மிதித்த பாதையோ இறுகிக் கண்ணாடியாகிவிடும். அதில் நடக்க, காலணியின் அடியில் இரும்பு முட்கள் பதித்த சங்கிலி ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். ஏறும்போது காலணியின் முனையால் பனியை உதைத்துப் படி அமைக்க வேண்டும். இறங்கும்போது குதிகாலை ஊன்ற வேண்டும். நம் ஊரில் வழுக்கும் இடத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்ப்பது வழக்கம். அங்கே அப்படிச் சாய்ந்தால் உட்கார்ந்த நிலையிலேயே அடுத்த வளைவு வரை போய்ச் சேரலாம். உடையிலும் ஒரு நுட்பம் உண்டு. குளிர் என்று எல்லாவற்றையும் அணிந்துகொண்டு நடந்தால் வியர்க்கும். நின்றதும் அந்த வியர்வையே உடலை உறைய வைக்கும். ஆதலால் நடக்கும்போது கழற்றுவதும், நிற்கும்போது அணிவதுமாக இருக்க வேண்டும். தாகமே தெரியாது, எனினும் நீர் குடித்தே ஆகவேண்டும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அன்று. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணை எரித்துவிடும்.

தொழுகைக்கு என்ன செய்தீர்கள் என்று திரும்பி வந்தபின் கேட்காதவர் இல்லை. சமையல் கூடாரத்தில் பனியை உருக்கிக் காய்ச்சிய நீரில் ஆளுக்கு ஒரு குவளை உளூவுக்குக் கிடைத்தது. கால் கழுவுவதுதான் கடினம். ஃபிக்ஹு நூல்களில் ‘குஃப்’ எனப்படும் தோலுறையின்மீது ஈரக் கையால் தடவும் மஸஹ் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறோம். உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் என்று மனப்பாடம் செய்விக்கிறோம். எழுமலை வெயிலில் அந்தப் பாடம் யாருடைய காலிலும் படிந்ததில்லை. தில்லியில் வாங்கிய ஒரு ஜோடி தோலுறையோடு அந்த மூன்று நாட்களும் கழிந்தபோது, அந்தச் சலுகை எத்தகைய இடத்துக்கு உரியது என்று விளங்கிற்று. இன்னொரு செய்தியும் உண்டு. மதுரைப் பகுதியில் நாம் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே சாய்ந்து கிப்லாவை நோக்குகிறோம். அங்கேயோ கிப்லா மேற்கிலிருந்து சிறிது தெற்கே அமைகிறது. திசைகாட்டியைப் பார்த்துத்தான் நின்றோம்.

இரண்டாம் நாள் மரங்கள் குறைந்து, திறந்த பனிவெளியில் அடிவார முகாமை அடைந்தோம். சுமார் 3,430 மீட்டர். எதிரே சுவர்க்காரோகிணி (6,252 மீட்டர்), பந்தர்பூஞ்ச் (6,316 மீட்டர்), காலா நாக் (6,387 மீட்டர்) என்று மூன்று பெரும் மலைகள் அந்தி வெளிச்சத்தில் செம்பு நிறமாயின. மஃரிபுக்கு எழுந்தபோது சுற்றிலும் ஒரு சிறு ஒலியும் இல்லை. பறவை இல்லை, இலை அசையவில்லை, நீர் ஓடவில்லை. என் மூச்சின் ஓசையே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அன்றிரவு அக்காள் மகனுக்கு உணவு இறங்கவில்லை. தலை வலிக்கிறது என்றான். பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். நால்வரில் அவனே வலிமையானவன்; கால்பந்து ஆடுபவன்; இரண்டு நாளும் எல்லாருக்கும் முன்னே நடந்தவன். உடல் வலிமைக்கும் மலை நோய்க்கும் தொடர்பு இல்லை என்பதை அங்கேதான் அறிந்தேன். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கே பிராணவாயு கிடைக்கும். உடல் அதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். யாருடைய உடல் எவ்வளவு விரைவில் பழகும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம்; மூளை வீங்கலாம்; இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

வழிகாட்டி அவனுடைய விரலில் ஒரு சிறு கருவியை மாட்டினார். எங்களுக்கெல்லாம் 85க்கு மேல் காட்டியது, அவனுக்கு 73 காட்டியது. பிறகு கைவிளக்கைத் தரையில் அடித்து, ஒரு காலின் குதியோடு மறு காலின் விரலைச் சேர்த்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தான். “தள்ளாடியிருந்தால் இந்த இருட்டிலேயே கீழே இறக்கியிருப்பேன். இப்போது விடியும் வரை பார்க்கலாம், ஆனால் மேலே ஏற்ற மாட்டேன்” என்றார் இந்தியில். அவருடைய குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அதிகாலை இரண்டு மணிக்குச் சிகரத்துக்குப் புறப்பட மற்ற இருவரும் ஆயத்தமானபோது இவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். “மாமா, இன்னும் நானூறு மீட்டர் உயரம் கூட இல்லை. தலைவலி குறைந்துவிட்டது” என்றான். சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டான். வழிகாட்டி என்னிடம், “உதவியாளர் இவரைக் கீழே அழைத்துப் போவார், நீங்கள் விரும்பினால் எங்களோடு வரலாம்” என்றார். மூன்று நாள் ரயிலும் சாலையும், இரண்டு மாத நடையும், கையிருப்பில் பெரும்பகுதியும் அந்த நானூறு மீட்டருக்காகத்தான் செலவாகியிருந்தன. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு, அவர்களை மட்டும் சலாம் சொல்லி அனுப்பினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவனைப் போலக் கூடாரத் துணியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸுப்ஹு முடிந்ததும் உதவியாளரோடு இறங்கினோம். ஒரு மணி நேரம் அவன் என்னோடு பேசவில்லை. ஜூடா கா தாலாபை நெருங்கும்போது, “மாமா, பிஸ்கட் இருக்கிறதா?” என்று கேட்டான். கிட்டத்தட்ட 600 மீட்டர் இறங்கியிருந்தோம். மருந்து எதுவும் கொடுக்கவில்லை, இறக்கமே மருந்தாயிற்று. குளக்கரையில் நான்கு சப்பாத்தியும் ராஜ்மாவும் சாப்பிட்டான்.

அவசரமின்றி இறங்கியதால் ஏறும்போது கவனியாத ஒன்றைக் கண்டோம். மரத்தாலும் மண்ணாலும் கட்டிய சில குடில்கள், கூரை விளிம்பு வரை பனியில் புதைந்து பூட்டிக் கிடந்தன. வன குஜ்ஜர்களின் வீடுகள் அவை என்றார் உதவியாளர். வன குஜ்ஜர்கள் எருமை மேய்த்துப் பால் விற்று வாழும் முஸ்லிம்கள். கோஜ்ரி மொழி பேசுபவர்கள். குளிர்காலத்தில் டேராடூன், சஹாரன்பூர் பக்கத்துச் சிவாலிக் காடுகளில் தங்கி, கோடை பிறந்ததும் எருமைகளையும் குழந்தை குட்டிகளையும் அழைத்துக்கொண்டு பல நாள் நடந்து இந்த மலைப் புல்வெளிகளுக்கு ஏறுகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் இறங்குகிறார்கள். காட்டில் மேய்க்கும் உரிமைக்காக வனத்துறையோடு அவர்களுக்கு நீண்டகால வழக்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தபின்னும் அது தீர்ந்தபாடில்லை. நாங்கள் காசு கொடுத்து ஒருமுறை ஏறியதை அவர்கள் கைக்குழந்தையோடு ஆண்டுதோறும் ஏறுகிறார்கள். ஆனால் பனியில் ஏறுவதில்லை. அந்த மலையை நன்கு அறிந்தவர்கள் குளிர்காலத்தில் அதை விட்டு இறங்கிவிடுகிறார்கள் என்பது என்னைச் சற்று யோசிக்க வைத்தது.

சிகரம் ஏறிய இருவரும் மறுநாள் சாங்க்ரிக்கு வந்து சேர்ந்தார்கள். 3,810 மீட்டர் உச்சியில் காற்று நிற்க விடவில்லை என்றும், கைப்பேசியின் மின்கலம் குளிரில் செத்துவிட்டதால் இரண்டே படங்கள்தான் எடுத்ததாகவும் சொன்னார்கள். அந்த இரண்டு படங்களையும் அக்காள் மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவிடம் தொலைபேசியில் என்ன சொல்வது என்று கேட்டேன். “நான்தான் சொல்வேன்” என்று வாங்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னான்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை பனிக்காலம். இந்தப் பனி நம் வங்கக் கடலின் மழைமேகம் தருவது அன்று. மத்தியதரைக் கடலிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்தியக் காற்றலைகள் கொண்டுவருவது. அவை தவறினால் பனியும் தவறும். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மர்க் கூடப் பனியின்றிப் பழுப்பு நிலமாகக் கிடந்தது. ஆகவே நிலவரம் விசாரித்துவிட்டுப் பயணச் சீட்டு எடுக்க வேண்டும். சாங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது உடல் பழக உதவும். இமயம் தொலைவு என்பவர்களுக்கு, தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டிகளோடு நடக்க 40 பாதைகள் உள்ளன. காட்டுத்தீ பருவத்தில் அவை மூடப்படும். கம்பளிச் சட்டை முதல் இரும்பு முள் சங்கிலி வரை சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. காலணியை மட்டும் ஊரிலேயே வாங்கி, ஒரு மாதமாவது அணிந்து நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும்.