ஏரி வேலையும் எங்கள் தணிக்கைப் பாடமும்

தணிக்கை என்றவுடன் உங்களுக்கு சினிமா சென்சார் ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் சொல்ல வருவது கணக்குத் தணிக்கை. பி.காம் படிக்கிற எங்களுக்கு இது ஒரு பாடம். (மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு. பாதிப் பேர் எந்த நிலையில் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.)

அதில் ஆரம்பத்திலேயே வருவது வவுச்சிங். கணக்கில் ஒரு செலவு எழுதியிருந்தால், அதற்கு ரசீது இருக்கிறதா, தேதி சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. சரி, ரசீதே பொய்யாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு. கம்பெனிக்குப் பணம் தர வேண்டியவருக்கு ஆடிட்டரே நேராகக் கடிதம் போட்டு, "இவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கிறார்களே, உண்மையா?" என்று கேட்பார். கணக்கு எழுதியவரை விட்டுவிட்டு வெளியாளைக் கேட்பது. இந்த இடம் வந்தபோது எனக்கு நூறு நாள் வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் திருத்தணிப் பக்கம் அதற்கு இன்னும் ஏரி வேலை என்றுதான் பெயர்.

2005-ல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைத்தான் சொன்னது. ஊராட்சியில் நடக்கிற எல்லா வேலைகளையும் கிராம சபை சமூக தணிக்கை செய்ய வேண்டும். ஆடிட்டர் கடிதம் போட்டுக் கேட்கிற அந்த வெளியாள் இங்கே யார்? மண்வெட்டி பிடித்த ஆள்தான். அவரைத் தவிர வேறு யாருக்கும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று நிச்சயமாகத் தெரியாது.

இந்த யோசனை டெல்லியில் உட்கார்ந்து யாரோ கண்டுபிடித்ததில்லை. 1994 டிசம்பர் 2-ம் தேதி ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. ஊராட்சிக் கணக்கில் எழுதியிருந்ததை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். கேட்டவர்களே ஆடிட்டர்கள். அதற்குப் பிறகு காகிதத்தைக் காட்டு என்று பல வருடம் போராடி, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. (மாநில அளவில் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது நம் தமிழ்நாடுதான், 1997-ல். பலருக்கும் தெரியாது.)

எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. ஒரே சட்டத்தை இரண்டு மாநிலத்தில் பார்க்கலாம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தோம். ம.பொ.சி. போராட்டம் எல்லாம் நடந்துதான் இந்தப் பக்கம் வந்தோம். அதனால் சித்தூர் மாவட்டத்துக்கு 2006-லேயே வந்த இந்தத் திட்டம், திருவள்ளூர் மாவட்டத்துக்கு 2008-ல்தான் வந்தது. என் சித்தி கல்யாணமாகி நகரிப் பக்கம் போனவர். தணிக்கைக்கு வந்த பையன்கள் வீடு வீடாக உட்கார்ந்து, "கார்டைக் காட்டுங்க, அந்த வாரம் எத்தனை நாள் போனீங்க, பணம் எவ்வளவு வந்துச்சு" என்று கேட்டதை அவர் ஒரு கதை மாதிரி சொல்வார்.

ஆந்திராவில் 2006-லேயே இதைத் தொடங்கி, 2009-ல் தனி அமைப்பே வைத்துவிட்டார்கள். கூலி வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். சொந்த ஊருக்கு மட்டும் அனுப்ப மாட்டார்கள். வேறு ஊரில் போய்த்தான் கேட்க வேண்டும். கடைசியில் மண்டல அளவில் எல்லோரையும் வைத்து ஒரு பொது விசாரணை.

"சொந்த ஊருக்கு அனுப்ப மாட்டார்கள்" என்பதன் அர்த்தம் எனக்கு என் அத்தை வீட்டில்தான் புரிந்தது. அத்தை ஏரி வேலைக்குப் போகிறவர். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான். வருகைப் பதிவேட்டை, அதாவது எங்கள் பக்கம் என்.எம்.ஆர். என்கிறதை, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒருநாள் ராத்திரி போனில் ஒரு வாரத்துப் பட்டியலை எடுத்துப் பெயர்களை வாசித்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இவங்க அந்த வாரம் ஊர்லயே இல்லடா. பொண்ணு பிரசவத்துக்குத் திருவள்ளூர் போயிருந்தாங்க. அடுத்தது படி."

படித்தேன்.

"இவரு ஒரு நாள் கூட மண்வெட்டி தூக்கி நான் பாக்கல."

பத்தே நிமிடம். எந்த ஆடிட்டராலும் முடியாத வேகம். ஊர் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் அடுத்து அத்தை சொன்னதுதான்.

"இதைக் கிராம சபையில சொல்லுங்களேன் அத்தை" என்றேன்.

"நல்லா சொன்ன. அடுத்த வாரம் வேலைக்குப் பேர் எழுதறது யாரு, நீயா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை தெரிந்தவர், அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்கிற இடத்தில் இருக்கிறார். அதனால்தான் கேட்க வருகிறவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். பெயர் எழுதுகிறவர் இல்லாத இடத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"பணம்தான் நேராக பேங்க் கணக்குக்குப் போகிறதே, இதில் எப்படித் திருட்டு?" என்று நீங்கள் கேட்கலாம். வராதவர் கணக்கில் பணம் ஏறும். அவர் எடுத்துப் பங்கு கொடுப்பார். அவ்வளவுதான். வராத பெயரால் அரசாங்கத்துக்குத்தானே நஷ்டம், வேலைக்கு வந்தவருக்கு என்ன என்றும் கேட்கலாம். இங்கேதான் கணக்கு வருகிறது. தோண்டிய மண்ணை அளந்து, அதற்கான தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஒரு பேச்சுக்கு, 40 பேர் முழுக் கூலிக்கான மண்ணை வெட்டினார்கள் என்று வையுங்கள். 13,440 ரூபாய். பட்டியலில் 50 பெயர் இருந்தால் ஆளுக்கு 268 ரூபாய் 80 காசு. வெயிலில் நின்ற ஒவ்வொருவரும் 67 ரூபாய் இழந்தாகிவிட்டது. அந்தப் பணம் மத்திய அரசின் பையிலிருந்து போகவில்லை. அத்தையின் பையிலிருந்து போனது. "அளவு கம்மியா இருக்கு, அதான் கூலி கம்மி" என்று சொல்லிவிடுவார்கள்.

போட்டோ எடுக்கிற ஆப் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2023 ஜனவரி முதல் எல்லா இடத்திலும் கட்டாயம். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, சம்பந்தமில்லாத படங்களையும், போட்டோவையே போட்டோ எடுத்தும் ஏற்றுகிறார்கள் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. என் அத்தை அளவுக்கு அந்த ஆப்புக்கு விவரம் போதாது.

தமிழ்நாட்டில் சமூக தணிக்கையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013 முதல் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வருகிறார்கள், கேட்கிறார்கள், சிறப்பு கிராம சபை கூட்டி வாசிக்கிறார்கள். கண்டுபிடிக்கவும் செய்கிறார்கள். 2017-18 முதல் 2020-21 வரை நாடு முழுக்க சமூக தணிக்கையில் கண்ட முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய் என்று 2021-ல் செய்தி வந்தது. அதில் முதலிடம் தமிழ்நாடு, 245 கோடி. ஆந்திரா அடுத்து, 239 கோடி. அப்படியென்றால் நாம்தான் பெரிய திருடர்களா? அப்படிப் படிக்கக் கூடாது. சில மாநிலங்களில் பூஜ்யம் என்று இருந்தது, மக்கள் விசாரணை பிறந்த ராஜஸ்தானும் அதில் ஒன்று. எதுவும் கண்டுபிடிக்காத தணிக்கையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகம் வரும்.

வயிற்றெரிச்சல் அடுத்த பத்தியில் இருந்தது. திரும்ப வசூலானது எவ்வளவு? நாடு முழுக்கச் சுமார் 12.5 கோடி, அதாவது 1.34 சதவீதம். தமிழ்நாட்டில் 245 கோடிக்கு 2 கோடி சொச்சம். இதே கணக்கு ஒரு தனியார் கம்பெனியில் வந்தால் மேனேஜர் அடுத்த நாள் வேலையில் இருப்பாரா?

ஆந்திராவும் இதில் தப்பவில்லை. அங்கே நடந்த தணிக்கைகளை ஃபர்சானா அஃப்ரிதி, வேகார்ட் ஐவர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2014-ல் எழுதினார்கள். தணிக்கை திரும்பத் திரும்ப நடந்த பிறகு கூலிப் பட்டியல் முறைகேடு கொஞ்சம் குறைந்ததாம். ஆனால் சிமெண்ட், ஜல்லி மாதிரி பொருள் செலவில் முறைகேடு கூடியதாம். யோசித்தால் ஆச்சரியமில்லை. வேலைக்கு வந்த ஆள் யார் என்று அத்தைக்குத் தெரியும். தடுப்பணைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் எங்களைப் போன்ற பி.காம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். பில்லைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன், ஏரியைத் தெரிந்தவர் ஒருவர், இருவரும் சேர்ந்து போனால்தான் முழுத் தணிக்கை.

இதற்கிடையில் கேட்க வேண்டிய மன்றமும் மெலிந்து போனது. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவரையாவது அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். தனி அலுவலரை என்ன செய்வது?

2025 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாள் ஆகிறது. எல்லோரும் பேசுவது அதைத்தான். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசுப் பணம். புதியதில் தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள் மொத்தச் செலவில் 40 சதவீதம் போட வேண்டும். தன் பணம் போகிறபோதாவது மாநிலம் வசூலில் அக்கறை காட்டுமா, அல்லது கெட்ட பெயர் வேண்டாம் என்று கண்டுபிடிப்பதையே குறைத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று மத்திய அரசு முன்கூட்டியே தொகை ஒதுக்கிவிடும். மேலே ஆனால் மாநிலத்தின் பாடு. பானையில் இருப்பது அளவுச் சோறு என்றால், வராத பத்துப் பெயர் இனிமேல் அத்தையின் 67 ரூபாயோடு நிற்காது. அவர் வேலைக்குப் போகக்கூடிய நாட்களையும் சேர்த்தே சாப்பிடும்.