புதுத் துப்பாக்கியும் அம்மாவின் கேள்வியும்

துப்பாக்கி வாங்கிய கதையைக் குடும்பப் பத்திரிகையில் எழுதுகிறானே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி வாங்கக் கிளம்ப வேண்டியதில்லை. நம் மலேசியாவில் அது அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியமும் அல்ல. போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. நான் சொல்லப் போவது வேறு ஒரு நாட்டில் நடந்தது. ஆனால் அதன் வேர் நம் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறது.

நான் கெடாவில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். 2008இல் பிழைப்புத் தேடி நியூசிலாந்துக்கு வந்தேன். வைக்காட்டோ வட்டாரத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "அப்பன் மரத்துல பால் எடுத்தாரு, மகன் மாட்டுல எடுக்கிறான்" என்று அம்மா டெலிபோனில் சொல்லிச் சிரிப்பார். விடியற்காலை நாலரைக்கு எழுந்திருப்பது மட்டும் இரண்டு தலைமுறையிலும் மாறவில்லை.

இந்த நாட்டுக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் வந்து சேருவதற்கு முன் இங்கே வௌவாலைத் தவிர, தரையில் வாழும் பாலூட்டிகள் எதுவும் கிடையாது. புலி இல்லை, சிறுத்தை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்கென்று செம்மான்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். ஜப்பான் பக்கத்து சிகா மான்கள் 1905இல் வந்தன. அடித்துத் தின்ன மிருகம் இல்லாததால் அவை பெருகி, இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து காட்டையே அழிக்கத் தொடங்கின. அதனால் அரசாங்கக் காடுகள் பலவற்றில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் பண்ணைக்காரர் எழுபது வயதுக் கிழவர். வருடத்துக்கு மூன்று நான்கு மான் சுட்டு, கறியைப் பெட்டியில் உறைய வைத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கும் ஒரு தொடை வரும். நாங்கள் மாட்டுக்கறி தொடாதவர்கள். மான் கறியை என் மனைவி மிளகும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டினால் தெரு முழுக்க மணக்கும்.

"எத்தனை நாளைக்கு அவர் கொடுப்பதையே வாங்கித் தின்பது?" என்று ஆசை பிறந்தது. 2023இல் லைசென்சுக்கு விண்ணப்பித்தேன்.

அங்கேயும் அது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை. 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஒரு கொடியவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த மாதமே, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடை வந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய வேட்டைத் துப்பாக்கிகளை விட்டுவைத்தார்கள். நான் எழுத்துத் தேர்வு எழுதினேன். பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினேன். ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு என் மனைவியிடம் தனியாகப் பேசினார். கணவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, இந்த வீட்டில் துப்பாக்கி இருந்தால் உனக்குப் பயமில்லையா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். நான் வெளியே தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில் நின்றேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கைக்கு அன்றுதான் மார்க் போட்டார்கள். அவர் போன பிறகு, "என்ன சொன்ன?" என்று கேட்டேன். "கோபம் வரும், ஆனா வாயோட போயிடும்னு சொன்னேன்" என்றாள். லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு.

2024இல் துப்பாக்கி வாங்கினேன். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். .308 என்கிற ரகத் தோட்டா போடும் ரைபிள். துருப்பிடிக்காத எஃகுக் குழல், கறுப்பு நிறப் பிளாஸ்டிக் கட்டை. மேலே பொருத்தும் குறிநோக்கியோடு சேர்த்து மூன்றரைக் கிலோ எடை. இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் ஆயிற்று.

இதன் வேலை நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே துள்ளி விழும். முன்னால் தள்ளினால் அடியிலுள்ள பெட்டியிலிருந்து புதுத் தோட்டா குழலுக்குள் போகும். பிடியைக் கீழே இறக்கினால் தாழின் தலையிலுள்ள காதுகள் பூட்டிக்கொள்ளும். அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தோளில் சுமந்தார்களே .303 ரைபிள், அதுவும் இதே வம்சம்தான். 1948க்குப் பிறகு முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த லயத்தில் சின்னப் பையனாக நின்று அந்தத் தாழின் சத்தத்தைக் கேட்டதாக அப்பா சொல்வார்.

சொந்தக்காரன் என்ற முறையில் நிறைகுறைகளைச் சொல்லிவிடுகிறேன். தாழ் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடுகிறது. விசை லேசாகவும் சுத்தமாகவும் விடுபடுகிறது. குழல் கட்டையில் எங்கும் உரசாமல் தனித்து நிற்பதால் மழையில் நனைந்தாலும் குறி மாறவில்லை. குறை என்று பார்த்தால், எடை குறைவாக இருப்பதால் தோளில் உதைக்கிறது. முதல் நாள் இருபது தோட்டா சுட்டுவிட்டு வந்து, மறுநாள் பால் கறக்கும் குழாயைத் தூக்க முடியாமல் தவித்தேன். குழல் மெல்லியது. நாலைந்து வெடிக்குள் சூடேறிக் குறி கொஞ்சம் சிதறும். ஆற விட்டுத்தான் சுட வேண்டும். காதுக்கு மூடி இல்லாமல் ஒரு வெடிகூடச் சுடக்கூடாது.

சுடும் திடலில் 100 மீட்டரில் பலகை வைத்துக் குறி சரிபார்த்தேன். குறிநோக்கியின் திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் அந்தத் தூரத்தில் குறி சுமார் ஏழு மில்லிமீட்டர் நகரும். நாலாவது முயற்சியில் மூன்று தோட்டாக்கள் ஒரு ஐம்பது காசு நாணயத்தால் மூடக்கூடிய இடத்தில் பாய்ந்திருந்தன. சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். டெலிபோனில் வெகுநேரம் சத்தமே இல்லை.

"வீட்டுக்குள்ள அத வச்சிருக்கியா?" என்றார் கடைசியில். "உன் மாமனை மறந்திட்டியா?"

மறக்கவில்லை. 1979. எனக்கு எட்டு வயது. லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தன. ஐந்தாவது வீட்டுக்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் துப்பாக்கியோடு லாலான் காட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் தம்பியும் இன்னும் மூன்று பேரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து விரட்டி வந்தார்கள். பிரட்டுக்களத்துக்கு அருகே எங்களையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. மாமா தகரத்தைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கு வழியில் புகுந்தாராம். லாலான் அசைந்தது. பெரியப்பா சுட்டார்.

தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மாமாவின் உயிர் போய்விட்டது. அவருக்கு இருபத்து நாலு வயது. பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெரியப்பா போலீசுக்குப் போய்த் திரும்பி வந்தார். அதன் பிறகு பல வருடம் அதே லயத்தில் இருந்தார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை, கறி தின்றதுமில்லை. தீபாவளிக்கு அம்மா அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். "வேணும்னா செஞ்சான்?" என்பார். ஆனால் துப்பாக்கியை மட்டும் அம்மா மன்னிக்கவே இல்லை.

"திருப்பிக் கொடுத்துடுய்யா" என்றார் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் துப்பாக்கி இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

2025 ஏப்ரலில் பண்ணைக்காரர் கூப்பிட்டார். கைமனாவா காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அது ஆண் மான்கள் இணை தேடி உறுமுகிற காலம். வேட்டைக்காரர்களும் கையைக் குவித்து மான் போலவே உறுமி அவற்றை வரவழைப்பார்கள். கிழவர் எனக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். மானின் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, மனிதன் கண்ணுக்குத் தெரியும். போகும்போது சொன்னார்: "காட்டிலே உறுமுவது மான் என்று நினைக்காதே. மனிதன் என்று நினை. மான் என்று நிச்சயமான பிறகு மனதை மாற்றிக்கொள்." தோட்டாவைப் பெட்டியில் வைத்திருந்தேன். குழலுக்குள் ஏற்றவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணி. பள்ளத்தில் ஓர் உறுமல் கேட்டது. பதில் உறுமினேன். கிட்ட வந்தது. எழுபது எட்டடி தூரத்தில் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. குறிநோக்கியை எடுக்கவில்லை, ஏனென்றால் அதன் வழியே பார்த்தாலே துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பிவிடும். கழுத்தில் தொங்கிய பைனாகுலரில் பார்த்தேன். பழுப்பு, இலை, மறுபடியும் பழுப்பு. கொம்பு இல்லை, காது இல்லை, கால் இல்லை. கை தானாகத் தாழின் பிடிக்குப் போனது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுட வேண்டும் என்ற வெறி எப்படிப்பட்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது வீட்டுப் பெரியப்பாவின் நினைவு வந்தது. கெட்ட மனிதரல்ல. ஒரு நிமிடம் பொறுக்காதவர், அவ்வளவுதான்.

தாழை விட்டுவிட்டுக் கையை உயர்த்தி, "ஆள் யாராவது இருக்கிறீர்களா?" என்று உரக்கக் கத்தினேன். புதர் சடசடவென்று முறிந்தது. பிறகு அமைதி. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஈர மண்ணில் பெரிய குளம்புத் தடம். மான்தான். நல்ல கிடா. போய்விட்டது.

வெறுங்கையோடு திரும்பினேன். கிழவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் மறுபடியும் போனோம். மண் சரிந்த ஒரு வெட்டவெளியில், 140 மீட்டர் தூரத்தில், தலை முதல் வால் வரை தெரிய ஒரு மான் நின்றது. பின்னால் மண்மேடு. தோட்டா தவறினாலும் அதில்தான் புதையும். அப்போதுதான் தாழை ஏற்றினேன். ஒரே வெடி. கிட்டப் போனதும் மனம் கனத்தது. அதன் கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கறியை முதுகில் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் நடந்தேன்.

இரண்டு பயணத்தையும் அம்மாவிடம் சொன்னேன். மான் கிடைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிடைக்காததைத்தான் கேட்டார்.

"கத்திப் பாத்தியா? எறங்கிப் போயும் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அன்னிக்கு அவனும் ஒரு சத்தம் போட்டுக் கேட்டிருக்கலாமே" என்றார். நாற்பத்தாறு வருடம் கழித்து அம்மா அழுதார். நானும் அழுதேன்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நான் காட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் ஒன்றே ஒன்று மட்டும் கேட்பார்: "நல்லாப் பாத்துச் சுடுவியா?" வகுப்பில் ஏழு விதிகள் சொல்லிக் கொடுத்தார்கள். குறியை ஐயமற அறிந்த பிறகே சுடு என்பது அதில் நாலாவது. எனக்கு அதை முதலில் சொல்லிக் கொடுத்தது எங்கள் லயம்.