திரையின் பார்வையும் தெருவின் பார்வையும்

2003ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘கோலங்கள்’ தொடரை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிக் குடும்பங்கள் எளிதில் மறந்திருக்க மாட்டா. 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்ட அத்தொடரில் அபியாகத் தேவயானி நடித்தார். அவளுடைய நண்பன் தொல்காப்பியனாக இயக்குநர் திருச்செல்வமே தோன்றினார். மணவாழ்வில் துயருற்ற அபிக்குத் தொல்காப்பியன் உற்ற துணையாக நின்றான். அது நட்புதானா, அன்றி நட்பின் போர்வையில் வளரும் காதலா? இவ்வினா நம் இல்லங்களில் அன்றாடம் எழுந்தது. மாமியார் ஒன்று சொல்வார். மருமகள் வேறொன்று சொல்வாள். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வளாகத்தில் நிற்கும்போதும் இதே வழக்கு நடந்ததை நாம் கேட்டிருக்கிறோம்.

இவ்வாறு ஊகிப்பதில் குற்றமொன்றும் இல்லை. நம் ஊகத்தால் கதைமாந்தர் துன்புறப் போவதில்லை. மேலும், நாள்தோறும் வரும் தொடர்கள் இத்தகைய ஐயத்தை வளர்த்தே உயிர் வாழ்கின்றன. ஒரு முகத்தை மிக அருகில் காட்டுகிறார்கள், புல்லாங்குழல் ஒலிக்கிறது, பேச வேண்டியவர் பேசாது திரும்பிக்கொள்கிறார், உடனே ‘தொடரும்’ என்ற சொல் வந்துவிடுகிறது. அந்தப் பார்வைக்கு இன்னதுதான் பொருள் என்று நம் காதில் ஓதுவது பெரும்பாலும் அந்த இசையே.

உள்ளத்து உணர்வை மெய்யின் குறிகளால் அறிவது தமிழர்க்குப் புதிதன்று. அக்கதைமாந்தன் எந்தப் புலவரின் பெயரைத் தாங்கினானோ, அவர் இயற்றிய தொல்காப்பியத்தில் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் உண்டு. திருவள்ளுவரோ ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் தந்தார்: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. காமத்துப்பாலில் பெண்ணின் நோக்குக்குப் பொருள் தேடுபவன் பெரும்பாலும் அவளை விரும்பும் தலைவனே. ஊரார் தம் வாயால் பரப்புவதற்கு வேறு பெயர் உண்டு, அது ‘அலர்’. அதற்கு 115ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. அங்கே அலர் காதலுக்கு எருவாயிற்று. நம் தெருக்களில் அது அத்துணை நன்மை செய்வதில்லை.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின், பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊர்கள் நம்முடையவை. இங்கே ஆண்களும் பெண்களும் ஒருங்கே உழைத்து, நேரங்கழித்து வீடு திரும்புகிறார்கள். நம் தெருவிலும் கணவரை இழந்த சகோதரி ஒருவர் ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் பணிபுரிந்தார். மழைக்கால இரவுகளில் உடன் பணிபுரிபவர் தம் வண்டியில் அவரைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவார். ஒருநாள் அச்சகோதரி சிரித்தபடி விடைபெற்றார். கண்டது அவ்வளவே. ஒரு வாரத்திற்குள் தெரு அதற்கு ஒரு முழுக்கதை எழுதிவிட்டது. அபியைப் பழித்தவர்களைத் திரையில் கண்டு கொதித்த வீடுகளிலும் அக்கதை பேசப்பட்டது.

அதன்பின் அவர் தேங்கிய நீரில் கால்பதித்துத் தனியே நடந்து வரலானார். பள்ளியில் பயின்ற அவருடைய மகள் நம் வீட்டு வாயிலில் நின்று, “அம்மா ஏன் இப்பொழுதெல்லாம் நடந்தே வருகிறார்கள்?” என்று கேட்டாள். அக்குழந்தைக்கு என்ன சொல்வது?

அபியின் மனத்தை அறிய ஆறாண்டுகள் பொறுத்திருந்தோர், அயல்வீட்டுப் பெண்ணின் மனத்தை ஒரே நாளில் தீர்ப்பிட்டுவிட்டனர். தெருவில் புல்லாங்குழல் ஒலிப்பதில்லை. அதனைச் சேர்ப்பது நம் மனமே. ஆகவே பிள்ளைகளோடு அமர்ந்து தொடர் பார்க்கும் பெற்றோர், “அவர்கள் காதலிக்கிறார்கள்” என்று பிள்ளை கூறும்போது, “நீ எதைக் கண்டு அவ்வாறு சொல்கிறாய்?” என்று அன்போடு கேட்டுப் பார்க்கலாம். கண்டது எது, தானே சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்தறியும் பழக்கம் வீட்டுக் கூடத்திலேயே தொடங்கட்டும்.

மழை கொட்டும் இரவில் தெருமுனையில் ஒரு வண்டி வந்து நின்றால், பிள்ளைகளின் தாய் நலமாக வீடு வந்து சேர்ந்தாள் என்று மகிழ்வோமாக. அதற்குமேல் அறிய வேண்டியது ஏதேனும் இருப்பின், அதை அவர்களே அறிவார்கள்.