பொங்கல் பானை லைற்

எங்கள் காரில் ஒரு மஞ்சள் லைற் மூன்று குளிர்காலம் எரிந்தது. மேலே வாய் திறந்த ஒரு வளையம், நடுவில் ஆச்சரியக்குறி. அம்மா அதற்கு வைத்த பெயர் பொங்கல் பானை.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். நவம்பரில் வின்ரர் ரயர் மாற்றுவோம், அதற்குத் தனி றிம். கோடைக்கால றிம்களுக்குள் காற்றை அளக்கிற சென்சர் இருக்கிறது. மலிவாக வாங்கிய வின்ரர் றிம்களுக்குள் இல்லை. கார் நாலு சில்லிடமும் கேட்டுப் பார்க்கும், பதில் வராது, லைற்றைப் போட்டுவிடும். புதிதாக நாலு சென்சர் பூட்டலாம் என்று கராஜில் சொன்னபோது அப்பா, "அந்தக் காசுக்கு ஒரு முழு ஆடு வாங்கலாம்" என்றார். மூன்றாவது வருடம் தம்பி "அது ஏன் எரியுது, ஏன் எரியுது" என்று அரிக்கத் தொடங்க, ஒரு துண்டு கறுப்பு ரேப்பை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டார்.

ஏப்ரல் தொடக்கத்தில் கோடை ரயர்கள் திரும்ப வந்தன. ரேப் அப்படியே இருந்தது. யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில், வாட்டர்லூவில் என் அறையைக் காலி செய்துவிட்டு 401இல் வந்துகொண்டிருந்தோம். அப்பா வேலைக்குப் போயிருந்தார், ஓட்டியது நான். அம்மா பக்கத்தில், தம்பி பின்னால் என் சின்னப் பிரிட்ஜைக் கட்டிப் பிடித்தபடி. வேகம் 110 (எல்லை 100 என்று தெரியும், அம்மா இதை வாசிக்க மாட்டா). மில்ரன் தாண்டியதும் கார் வலப்பக்கம் இழுத்தது. வெளியே காற்றடிக்கிறது என்று நினைத்து ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு பெரிய ட்ரக். அம்மாதான் சொன்னா: "பிள்ளை, ஏதோ கருகின மணம்."

அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு காஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். முன் வலது ரயர் மடிந்து கிடந்தது. கை வைக்க முடியாத சூடு. ஒரு ஆணி. திரும்பி உள்ளே போய் ரேப்பை உரித்தேன். பொங்கல் பானை எரிந்துகொண்டிருந்தது.

உதவிக்கு ஆள் வரும்வரை, முதல்தடவையாகக் காரின் கையேட்டை எடுத்து வாசித்தேன். அந்த லைற் இரண்டு விதமாகப் பேசுமாம். காரை ஸ்ரார்ட் பண்ணியதும் ஒரு நிமிடமளவு மினுங்கிவிட்டுப் பிறகு நின்று எரிந்தால், சென்சரில் கோளாறு. மினுங்காமல் நேரே எரிந்தால், உண்மையிலேயே காற்றுக் குறைவு. மூன்று குளிர்காலமும் அது மினுங்கித்தான் எரிந்தது. பிறகு தேடி வாசித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ரயர் பிய்ந்து வாகனங்கள் புரண்டு பலர் செத்த பிறகு, 2000இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதனால்தான் 2008 மாடலில் இருந்து அங்கே விற்கிற புதுக் கார்களில் எல்லாம் இந்த லைற் கட்டாயம்.

அப்பாவோடு கோபிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் சத்தத்தைக் கேட்டே கார் ஓட்டப் பழகின மனிதர். இரவு வேலை முடித்து வந்து பொடி எழுத்து ஆங்கிலத்தில் 500 பக்கம் வாசிக்க அவரால் ஏலாது. வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் நான். அந்தப் புத்தகம் என் முழங்காலுக்கு முன்னால் இருந்த பெட்டிக்குள்தான் எப்போதும் கிடந்தது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. நவம்பரில் வின்ரர் றிம்களுக்கும் நாலு சென்சர் போட்டுக்கொண்டு வந்தார், விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

குளிர் கூடினால் ரயருக்குள் காற்றழுத்தம் இறங்கும், ஐந்தாறு பாகைக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில். ஜனவரியில் ஒரு நாள் விடிய ஆறு மணிக்கு, மைனஸ் 18இல், என் அறைக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, பானை எரியுது. மினுங்கினதோ, நேரே எரிஞ்சதோ எண்டு நான் கவனிக்கேல்லை. ஒருக்கா வந்து பார்."

சப்பாத்தைத் தேடிக்கொண்டு இறங்கினேன்.