வீட்டுக்கொரு கமரா

எங்கள் வீட்டு நடுச்சுவரில் அப்பாவின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, எதிரே நிற்பவர் எவரையும் அறியாதவர்போல் அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உருத்திரபுரத்து வயல்களில் உழுது வாழ்ந்த அப்பா தம் வாழ்நாளில் கோட்டு அணிந்தவரல்லர். 2009ஆம் ஆண்டு மாத்தளனில் அவரை நாம் இழந்தபோது, அம்மாவின் கைப்பையில் எஞ்சியிருந்தது அவருடைய தேசிய அடையாள அட்டை மாத்திரமே. அவ்வட்டையிலிருந்த சிறிய படத்தைப் பின்னர் ஒரு படப்பிடிப்பு நிலையத்தார் பெருப்பித்து, தோளுக்குக் கீழே இல்லாதிருந்த உடம்பைக் கோட்டினால் நிரப்பிக் கொடுத்தனர். அம்மா அப்படத்துக்கு நாள்தோறும் பூ வைப்பார். ஆனால், "உன்ரை அப்பா சிரிச்ச முகக்காரன், பிள்ளை, இது அவர் இல்லை" என்பதையும் இடையிடையே சொல்லிக்கொள்வார்.

வீட்டில் வேறு படங்கள் இல்லாமலிருந்தவையல்ல. அம்மாவின் கலியாண அல்பமும் அண்ணாவின் முதலாம் பிறந்தநாட் படங்களும் இருந்தன. 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவற்றைப் பொலித்தீனிற் சுற்றி, பின்வளவிற் குழி தோண்டிப் புதைத்துவிட்டுச் சென்றோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று இடம் மாறி மாறிச் சென்று, இறுதியிற் செட்டிக்குளம் முகாமை அடைந்து, 2010இல் ஊர் திரும்பியதும் அம்மா முதலில் தேடியது அந்தக் குழியைத்தான். மாரி வெள்ளம் நமக்கு முன்பே அங்கு சென்றிருந்தது. புகைப்படத் தாளின் மேற்பூச்சு ஜெலற்றினால் ஆனது. நீர்பட்டால் அது இளகி, அடுத்த படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அல்பம் செங்கல்லைப்போல் ஒரே கட்டியாக வெளிவந்தது. பிரித்தெடுக்க முயன்ற இடமெல்லாம் முகங்களே முதலில் உரிந்தன.

இவ்வாறான ஒரு வீட்டுக்குத்தான் கடந்த ஆண்டு நான் ஒரு டிஜிற்றல் கமரா வாங்க எண்ணினேன். மகாபொலப் புலமைப்பரிசிற் பணத்தில் மீதம் பிடித்ததும், விடுமுறைகளிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பெற்றதுமாக ஒரு சிறு தொகை கையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், இறக்குமதிப் பொருள்களின் விலை எம்போன்றோரின் கைக்கு எட்டாதவாறு ஏறியிருந்தது. எனவே புதியதை விடுத்து, பிறர் பாவித்த சிறிய கமராக்களையே தேடலானேன்.

கண்டி நகரிற் கடைகளுக்குச் சென்றபோது எங்கும் முதலில் என் காதில் விழுந்த சொல் 'மெகா பிக்சல்' என்பதே. பன்னிரண்டு என்றார் ஒருவர். இருபது என்றார் மற்றொருவர். எண் பெரிதாயின் படமும் சிறந்ததாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கலைப்பீட மாணவியாகிய நான் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கும் நிலைக்கு ஆளானேன். நாம் வழக்கமாக அச்சிடும் படம் ஆறங்குல நீளமும் நான்கங்குல அகலமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற செம்மையான அச்சுக்கு 1800 புள்ளி நீளமும் 1200 புள்ளி அகலமும் போதும். பெருக்கினால் 21,60,000, அதாவது இரண்டு மெகா பிக்சலுக்குச் சற்றே அதிகம். அதற்கு மேற்பட்டவை சுவரளவு பெருப்பிக்கவும், படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கவும் உதவுவனவேயன்றி, வீட்டு அல்பத்துக்கு இன்றியமையாதன அல்ல.

எண்ணைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பு. தாழ்வாரத்தில் மழைநீர் ஏந்த வைத்த சட்டிகளை எண்ணிப் பாருங்கள்: வாய் அகன்ற சட்டியில் நீர் அதிகம் சேரும், ஒரே இடத்திற் சட்டிகளின் தொகையைக் கூட்ட வேண்டுமாயின் ஒவ்வொன்றின் வாயையும் சுருக்கவேண்டும். சாதாரண சிறு கமராவின் உணரி ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. 'ஓரங்குல' உணரி எனப்படுவது 13.2க்கு 8.8, பரப்பில் நான்கு மடங்கு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் இரவில் விளக்கொளியிற் படம் பிடிக்க விரும்புவோருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆயின் அத்தகைய கமரா என் கைப்பணத்துக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

"கையிலை போன் இருக்கேக்கை உனக்கேன் கமரா?" என்று அண்ணா கேட்டார். நியாயமான கேள்விதான். இன்றைய கைத்தொலைபேசி, ஒரே காட்சியைப் பலமுறை பதிந்து, அவற்றை ஒன்றாக்கி, இருளிலும் தெளிவான படம் தருகிறது. என் பணத்துக்குக் கிடைக்கக்கூடிய பழைய கமராவை அது பல வகையில் வெல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை எண்ணினேன். தொலைபேசி ஓர் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதன்று. அண்ணா வேலைக்கு வவுனியா சென்றால் அவருடைய தொலைபேசியும் செல்கிறது. நான் பேராதனைக்குப் புறப்பட்டால் என்னுடையதும் புறப்படுகிறது. வீட்டின் அன்றாட வாழ்வு நாம் இல்லாத நாள்களிலேயே பெரும்பாலும் நடைபெறுகிறது. அதைக் காண்பவர் அம்மா ஒருவரே. ஆகவே அம்மாவின் கையில் இருக்கத்தக்கதே எமக்குரிய கமரா என்று தோன்றிற்று.

இவ்வேளையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கமரா தேடும் கதையைக் கனடாவில் இருக்கும் மாமியிடம் தொலைபேசியிற் சொன்னபோது, "நான் வந்து நிண்டபோது எடுத்த படங்கள் இருக்கவேணும்" என்றார். போர்நிறுத்த காலத்தில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின், 2003ஆம் ஆண்டு ஆவணியில், அப்பாவின் தங்கையாகிய அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது அவர் கையில் ஒரு சிறு டிஜிற்றல் கமரா இருந்ததாம். சில வாரங்களின்பின் வட்ஸ்அப் வழியாக ஒரு படம் வந்தது. வழியிற் சுருக்கப்பட்டமையால் மங்கியிருந்தது. மூலக் கோப்பையே அனுப்புமாறு வேண்ட, மாமியின் மகன் பழைய இறுவட்டொன்றிலிருந்து அதை எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினான்.

கிணற்றுக்கட்டருகே அப்பா நிற்கிறார். சாரம் மட்டும் உடுத்தியிருக்கிறார். அவர் கையிற் சில மாதக் குழந்தையாக நான். யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

கோப்பினுள்ளே கமரா தானாகவே எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. நீளம் 1600 புள்ளி, அகலம் 1200 புள்ளி. இரண்டு மெகா பிக்சல்கூட முழுமையாக இல்லை. நேரம் காலை ஏழு மணி என்றிருந்தது. அம்மா படத்தை உற்றுப் பார்த்து, "இல்லைப் பிள்ளை, நிழல் கிழக்காலை விழுது, வயலாலை வந்து குளிக்கப் போற நேரம்" என்றார். கமராவின் கடிகாரம் கனடா நேரத்தைக் காட்டியிருக்கிறது. இங்கோ மாலை ஐந்து மணியளவு. கருவி பிழையாக வைத்திருந்த பொழுதை, இருபது ஆண்டுகளின்பின் அம்மாவின் கண் திருத்திற்று. அப்படம் ஆறங்குலத் தாளில் அச்சாகி வந்தபோது, அப்பாவின் மார்பிலிருந்த நீர்த்துளி வரையில் தெளிவாயிருந்தது.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசொன் முதலாவது டிஜிற்றல் கமராவை அமைத்தார். அதன் நிறை ஏறத்தாழ 3.6 கிலோகிராம்; பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. அத்தகைய கமராக்களுக்கு விழியாக அமைந்த ஒளியுணரியைக் கண்ட வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்போர் பௌதிகவியலுக்கான நோபல் பரிசிற் பங்குபெற்றது 2009ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேயே வன்னியின் எத்தனையோ வீடுகளில் ஒரு முகத்துக்கு ஒரு படமும் இல்லாது போயிற்று. எங்களுக்கு அப்பாவை மீட்டுத் தந்தது கருவியின் திறமையன்று. அப்படத்தின் ஒரு பிரதி, வெள்ளமும் எறிகணையும் எட்டாத வேறோர் ஊரில் இருந்தமையே.

அதன்பின் தெரிவு எளிதாயிற்று. சாதாரண பென்ரோச் மின்கலம் இரண்டில் இயங்கும் பழைய கமரா ஒன்றை வாங்கினேன். ஊர்க் கடையிலும் அம்மின்கலம் கிடைக்கும். வில்லைக்குழல் வெளியே நீண்டு உள்ளே செல்லும்போது கிரவல் வீதிப் புழுதியையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளும் உடன் வாங்கினேன். மீந்த பணம் அச்சிடுவதற்கென ஒதுக்கப்பட்டது. நினைவக அட்டையும் அழியக்கூடியதே. ஆகையால் மூன்று பிரதி, இரு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பது எங்கள் வீட்டு விதி. தாளிற் பதிந்தவை அம்மாவிடம். கோப்புகள் பேராதனையில் என் கணினியில். மற்றொரு தொகுதி மாமியிடம்.

சென்ற விடுமுறையில் அம்மா பிடித்த படங்களைப் பார்த்தேன். முருங்கை மரம், கன்று ஈன்ற பசு, சோறு தின்னும் அண்ணாவின் பாதி முகம், கழுவி வெயிலிற் கவிழ்த்த பானைகள், படலையில் திரும்பிப் பாராமற் செல்லும் என் முதுகு. ஒன்றேனும் நேராக நிற்கவில்லை. எல்லாவற்றையும் அச்சிட்டு வந்து கொடுத்தேன். அம்மா அவற்றை வரிசையாக அல்பத்திற் செருகினார். முதற் பக்கத்திற் கிணற்றுக்கட்டருகே சிரித்துக்கொண்டு நிற்பவர் அப்பா. கோட்டு அணிந்தவர் இப்போதும் சுவரிலேதான் இருக்கிறார்; அவரைக் கழற்றிவிட அம்மா சம்மதிக்கவில்லை. "இவ்வளவு காலமும் துணைக்கு இருந்த ஆள், பிள்ளை" என்றார்.