முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல்

பழைய புல்லட் மக்கர் பண்ணினால் பெரும்பாலோர் கை நேராகக் கார்ப்பரேட்டருக்குத்தான் போகும். அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலே வண்டியின் குரல் மாறும், சரியாகிவிட்டது போலத் தோன்றும். மறுநாள் காலையில் அதே கோளாறு திரும்ப வரும். பாயிண்ட் செட் உள்ள வண்டிகளில் கார்ப்பரேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பங்கு கரண்டுக்குச் சேர வேண்டியது. ஆகவே கரண்ட் சரி என்று உறுதியாகும்வரை நான் கார்ப்பரேட்டரைத் தொடுவதில்லை.

1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த 346 சி.சி. புல்லட்டில் இதற்கு உதவும் கருவி கண்ணெதிரிலேயே இருக்கிறது: ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் இப்படிப் போய்வந்தால் பேட்டரியிலிருந்து பாயிண்ட்வரை கரண்ட் ஓடுகிறது. அசையவே இல்லையென்றால் ஃபியூஸ், ஒயர், அல்லது பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம். மைனஸிலேயே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. ஸ்பேனரைக் கையில் எடுக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இந்த வண்டியை நான் மதிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்து பாயிண்ட் மூடி. உள்ளே தொட்டுப் பிரியும் அந்த இரண்டு சிறு முகங்களும் மங்கிய சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நிம்மதி. ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமுமாகக் கருகியிருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் கன்டென்சர் போயிருக்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் வாங்கிக்கொள்வது கன்டென்சரின் வேலை. அது தளர்ந்தால் பிளக்கில் அடிக்க வேண்டிய பொறி பாயிண்டிலேயே அடித்து வீணாகும். சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கும், ரேஸ் கொடுத்தால் இழுக்காது. அச்சு அசலாகப் பெட்ரோல் கோளாறு மாதிரியே இருக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் விட்டுத்தான் பார்க்க வேண்டும், கண் மதிப்பு போதாது.

சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிதான் ஆளைப் படாத பாடு படுத்தும். ஒருமுறை திண்டிவனம் தாண்டி நல்ல வெயிலில் என் வண்டி அப்படி நின்றது. உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும். ஆனால் அப்போது திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும். அப்படி எந்தச் சத்தமும் வரவில்லை. மூடியை இறுக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, அதன் ஓட்டையிலிருந்து தள்ளி என்ஜினில் ஒட்டவைத்துக் கிக்கரை மிதித்தேன். மெலிந்த ஆரஞ்சுப் பொறிதான் வந்தது. திறந்த வெளியில் அடிக்கிற அந்தப் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்காது. கொழுத்த நீலமாக, டிக்கென்ற சத்தத்தோடு வர வேண்டும். இக்னிஷன் காயில் சூட்டில் தளர்ந்திருந்தது. நிழலில் உட்கார்ந்து ஆறவிட்டுப் பார்த்திருந்தால் நீலப் பொறி வந்திருக்கும், ஜெட்டில் தூசி என்று முடிவு கட்டியிருப்பேன். நின்ற உடனே பார்ப்பதுதான் பரிசோதனை.

இவ்வளவும் தேறிய பிறகே கார்ப்பரேட்டர். எங்கே இடறுகிறது என்று வண்டியையே சொல்லவைக்கலாம். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். தொடக்கத்தில் இடறினால் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், நடுவில் என்றால் நீடில், முழுசாகத் திறந்தால் மட்டும் என்றால் மெயின் ஜெட். இடறும் இடத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுக்கும்போது வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. பிளக்கும் சாட்சி சொல்லும்: உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளிறிப்போனால் குறைவு, காப்பிப் பழுப்பு சரி. ஆனால் பொறி பலவீனமாக இருந்தாலும் பிளக் கறுக்கும். அதனால்தான் வரிசை முக்கியம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதென்றால் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். டூல் பாக்ஸில் பிளக், பாயிண்ட் செட், கன்டென்சர், ஃபீலர் கேஜ் நான்கும் எப்போதும் இருக்கட்டும்.