எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில்

பெரம்பலூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் அரியலூர்தான். 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது தண்டவாளமும் அதோடு போய்விட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. சென்னை போக பஸ், இல்லாவிட்டால் அரியலூர் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் பிடிக்க வேண்டும். அந்த அரியலூரிலும் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. ரயில்வே பக்கம் நின்று பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கும் சில நிமிடத்தைத் தின்னும். எல்லா ஊரிலும் நின்றால் அதற்குப் பெயர் எக்ஸ்பிரஸ் இல்லை, பாசஞ்சர்.

ஓப்பன் சோர்ஸ் உலகத்திலும் இதே சண்டை இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. சொல்கூட ஒன்றுதான், ப்ளாட்ஃபார்ம்! சரியான தேதிக்குப் புதுப் பதிப்பு வர வேண்டும். எல்லா வகைக் கணினியிலும் ஓடவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம்.

இதற்கு நல்ல உதாரணம் டெபியன் லினக்ஸ். அதன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 3.1 வந்தது 2005 ஜூன். கிட்டத்தட்ட மூன்று வருடம்! தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, டெபியன் அப்போது 11 வகை ப்ராசஸர்களுக்கு ஆதரவு கொடுத்தது. ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பு அடுத்த வெளியீட்டுக்கான வரிசையில் சேர வேண்டுமென்றால் அத்தனை வகையிலும் அது கம்பைல் ஆகியிருக்க வேண்டும். பத்தில் ஆகி, பதினொன்றாவதில் சிக்கினால் பத்தும் காத்திருக்கும். பழைய அமிகா, அட்டாரி கணினிகளில் இருந்த 68000 வகை ப்ராசஸர் ரொம்ப மெதுவு. பெரிய மென்பொருள் ஒன்றை அதில் கம்பைல் செய்ய நாள்கணக்கில் ஆகும்.

இதே டெபியனை அடிப்படையாக வைத்து மார்க் ஷட்டில்வொர்த் 2004 அக்டோபரில் உபுண்டுவைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று தேதியை முதலில் அறிவித்தார்கள். ஆதரவு மூன்றே மூன்று வகைக்கு. ஸ்டாப்பிங் குறைந்தால் வண்டி ஏன் நேரத்துக்கு வராது?

டெபியன்காரர்களுக்கும் உறைத்தது. 2005 மார்ச்சில் வான்கூவரில் கூடிய வெளியீட்டுக் குழுவினர், அடுத்த பதிப்பை நான்கு வகைக்கு மட்டும் வெளியிடலாம் என்றார்கள். பெரிய ரகளை. "எல்லாருக்குமான இயங்குதளம்" என்று சொல்லிவிட்டு மற்ற வீட்டுக் கதவையெல்லாம் சாத்துவதா என்று கேட்டார்கள். கடைசியில் அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை. 2007 ஏப்ரலில் 4.0 வந்தபோதும் கணக்கு 11தான். 68000 மட்டும் வெளியே போனது, 64 பிட் கணினி உள்ளே வந்தது. ஆனால் ஒரு வழக்கம் உறுதிப்பட்டது. ஒரு ப்ளாட்ஃபார்ம் இருக்க வேண்டுமா என்பதை, அதற்காக வேலை செய்ய ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். வெளியே போன 68000கூட ஆர்வலர்கள் தயவில் அதிகாரபூர்வமற்ற பிரிவில் உயிரோடு இருக்கிறது.

கேட்க நியாயமான விதிதான். ஆனால் பயன்படுத்துகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் ஒரே ஊர்க்காரர்களாக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, அதற்கு அடிப்படை டெபியன். அதனால் டெபியனில் எடுக்கும் முடிவு ஒருநாள் இந்த வீடுகளுக்கும் வந்து சேரும்.

வந்தும்விட்டது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. முடிந்தால் 64 பிட்டாக மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், முடியாவிட்டால் கணினிக்கு ஓய்வு கொடுங்கள் என்பதுதான் அவர்களின் ஆலோசனை. அதே ஆண்டு ஃபயர்பாக்ஸும் 145ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது.

அவர்களைத் திட்டிப் பயனில்லை. 32 பிட் கெர்னலைச் சோதிக்க, பிழை திருத்த ஆள் குறைந்துவிட்டது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று டெபியன் எடுக்கும் கணக்கோ, விரும்பி இணைகிற, நெட் இருக்கிற கணினிகளை மட்டுமே எண்ணும். அலமாரியில் இருந்து பரீட்சை நேரத்தில் மட்டும் வெளியே வரும் லேப்டாப் அதில் எங்கே வரும்? மனு கொடுக்காத ஊருக்கு ஸ்டாப்பிங் கிடைக்காத கதைதான்.

நல்ல செய்தியும் உண்டு. 2011க்குப் பிறகு வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் ப்ராசஸர் 64 பிட் வகைதான். 2 ஜிபி மெமரிக்கு இது போதும் என்று மேலே 32 பிட் இயங்குதளத்தைப் போட்டுவைக்கிற வழக்கம் இருந்தது, அவ்வளவே. டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று ஆங்கிலத்தில் தட்டினால் இரண்டு வகையும் ஓடுமா என்பது தெரிந்துவிடும். ஓடுமென்றால் போட்டோ, பாடக் குறிப்புகளை எல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு 64 பிட்டை இன்ஸ்டால் செய்துவிடலாம். மெமரி கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். 2 ஜிபியில் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எளிய டெஸ்க்டாப் போட்டால் சமாளிக்கும். லினக்ஸ் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

64 பிட் தெரியாத பழைய பென்டியம் 4 டெஸ்க்டாப்களுக்கு அந்த வழியும் இல்லை. அவற்றுக்கு டெபியனில் மிச்சம் 12ஆம் பதிப்புதான். நீண்டகால ஆதரவையும் சேர்த்து அந்தப் பதிப்பின் ஆயுள் 2028 ஜூன் வரை.